எத்தனை விசில்

லிப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் கிளை அலுவலகம் ஒரு டயர்க் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. படியேறினால் ஒரு நீள அறை. சுவரோரமாக மெக்கானிக்குகளின் கருவிப் பைகள் தொங்கும். நடுவில் புகார்களை வாங்கிக்கொள்ளும் போன் மேசை. கடைசியில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளரின் அறை. அவர் உள்ளே என்ன செய்கிறார் என்பதை எல்லோரும் பார்க்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். கீழே டயர் கழற்றுகிற ஆட்கள்கூட சில நாட்களில் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

மேலாளர் அந்த அறைக்குள் போவதற்கு முன் அதே கிளையில் முதல்தர மெக்கானிக்காக இருந்தவர். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான ஆள்தான் அப்போது அவருக்கு ஜோடி. இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள், வாடா போடா என்று பேசிக்கொள்வார்கள். பாதி வழியில் நின்றுபோன லிப்டின் தலைமேல் உட்கார்ந்து, மோட்டார் முனகுவதை வைத்தே கோளாறு எங்கே என்று அவர் சொல்லிவிடுவார். சரி செய்த லிப்ட் ஒரு குலுக்கலும் இல்லாமல் மேலே போய் நிற்கும்போது அவர் முகம் விரியும். "தலைச்சன் பிள்ளை பொறந்த மாதிரி நிக்கறான் பாரு" என்று நெட்டை கேலி செய்வான்.

அந்தத் திறமைக்காகத்தான் அவரை மேலாளர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து அவர் எந்த லிப்டையும் தொடவில்லை. போன்தான் அவர் வேலை. காலையில் மண்டல மேலாளர் கூப்பிட்டு, நேற்று ஏன் இத்தனை புகார் என்பார். பாகங்கள் வந்து சேராது. வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள். லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவருக்கும் மூச்சு முட்டும். தான் போயிருந்தால் சட்டென்று முடிந்திருக்கும் வேலையை இன்னொருவர் நிதானமாகச் செய்வதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது அவரால் முடியாத காரியம். அவர் சுபாவம் அப்படி. எதையும் பாதியில் விட்டு வேறொன்றைப் பார்க்கத் தெரியாது. வேலை நடக்கும்போதே மெக்கானிக்கை மறுபடி மறுபடி கூப்பிடுவார். "என்ன ஆச்சு? இன்னுமா?" ஒருநாள் அந்தக் கேள்வி கத்தலாக வந்தது. கத்தியதும் வேலை சட்டென்று முடிந்தது. அது அவர் மனதில் பதிந்துவிட்டது.

ஒருமுறை கம்பெனி எல்லாக் கிளை மேலாளர்களையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் பயிற்சி நடத்தியது. "உங்கள் வேலை உங்களுக்கு மனநிறைவு தருகிறதா? தருகிறது என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார் பயிற்சியாளர். முதலில் தூக்கியவர் இவர்தான். பொய்யாகத் தூக்கவில்லை. மனதாரத்தான் தூக்கினார். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல வயிற்றெரிச்சல் மாத்திரையை மென்றுகொண்டே, பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம வேலைன்னா எனக்கு உசுரு" என்று சொல்லவும் செய்தார்.

அலுவலகத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

ஒரு நாள் ஆரம்பத்திலேயே கோணலாகத்தான் விடிந்தது. ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் கொண்டுபோகும் லிப்ட் நின்றுவிட்டது. மண்டல மேலாளர் காலையிலேயே அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அந்த நேரத்தில் மீசைக்கார மெக்கானிக் ஒருவர் உள்ளே வந்து, புதிதாக வந்த மின்கட்டுப்பாட்டுப் பலகையைத் தன் கையால் தவறவிட்டு உடைத்துவிட்டதாகச் சொன்னார்.

"நான்தான் சார் போட்டுட்டேன். கை வழுக்கிடுச்சு."

மேலாளர் எழுந்தார். அவர் கத்தியது முழுவதையும் எழுத முடியாது. "உன்னை எல்லாம் எவன் வேலைக்கு எடுத்தான்" என்பதில் தொடங்கி, அந்த மனிதரின் அப்பாவரைக்கும் போனது. கடைசியில் உடைந்த பலகையை வாங்கிச் சுவரில் வீசினார். அதன் சில்லுகள் போன் மேசைவரை தெறித்தன. மீசைக்காரருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவர் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். மேலாளர் அன்று முழுக்க அதே சூட்டில் இருந்தார். சாயங்காலம்வரை கண்ணாடிக் கதவை யாரும் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் விபத்து நடந்தது.

பல் ஆஸ்பத்திரியும் சில அலுவலகங்களும் இருக்கும் ஒரு கட்டடம். முந்தின நாள் பகலில் நெட்டை அங்கே கதவுக் கோளாறைப் பார்க்கப் போயிருந்தான். லிப்டின் கதவு முழுதாக மூடினால்தான் லிப்ட் நகரும். கோளாறு எங்கே என்று தேடும்போது மெக்கானிக்குகள் ஒரு சின்ன வயரைக் குறுக்கே போட்டு அந்தத் தடையைக் கொஞ்ச நேரம் விலக்கிவைப்பார்கள். வேலை முடிந்ததும் வயரை உருவிவிட வேண்டும். நெட்டை உருவ மறந்துவிட்டான். காலையில் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண் ஒருவர் லிப்டைவிட்டு வெளியே கால் வைத்தபோது, கதவு திறந்திருக்கையிலேயே லிப்ட் மேலே கிளம்பிவிட்டது. அவர் தடுக்கி வெளியே விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்தது. கொஞ்சம் முன்பின் ஆகியிருந்தால் உயிரே போயிருக்கும்.

மேலாளர் ஓடினார். மொட்டை மாடியில் இருந்த இயந்திர அறையைத் திறந்து பார்த்தபோது அந்த வயர் அங்கேயே இருந்தது. சிவப்பு வயர், இரண்டு முனையிலும் கவ்வி. வயரை உருவிக்கொண்டு கீழே வந்தால் வாசலில் நெட்டை நின்றிருந்தான். அவன் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தான். தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மேலாளர் அவனைக் கிழித்தார். நெட்டை தன் உயரத்தை என்ன செய்வதென்று தெரியாதவன்போலக் கூனிக்கொண்டு நின்றான்.

மதியம் மேலாளர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தப் பெண் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தார். அவருடைய தம்பி சட்டையைப் பிடிக்காத குறையாக நெருங்கி வந்தான்.

"எவன்யா அந்த வேலையைப் பார்த்தது? எங்க அக்கா செத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நடவடிக்கை எடுத்தாச்சுங்க. அந்த ஆளை வேலையைவிட்டு நிறுத்தியாச்சு" என்றார் மேலாளர்.

அந்த நேரத்தில் யாரையும் நிறுத்தியிருக்கவில்லை. வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டார். சொன்னதும் தம்பியின் குரல் தணிந்ததைப் பார்த்தார். கட்டிலில் இருந்த பெண்தான், "பாவம், யாரோ" என்று முனகினார்.

மறுநாள் மண்டல மேலாளர் விசாரணைக்கு வந்தார். எல்லோரையும் போன் மேசையைச் சுற்றி நிற்கவைத்தார்.

"வயரை எடுக்கலைன்னு எப்பப்பா ஞாபகம் வந்துச்சு?" என்று நெட்டையைக் கேட்டார்.

நெட்டை போன் மேசையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "காலையிலதான் சார். எழுந்ததும்."

"முந்தின நாளே ஞாபகம் வந்து சொல்லியிருந்தா இது நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது சார்."

அவ்வளவுதான். நெட்டையை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். தான் முன்கூட்டியே சொன்ன பொய் உண்மையாகிவிட்டதில் மேலாளருக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது. அது நிம்மதிதான் என்று அவருக்கே தெரிந்தபோது உடம்பு கூசியது. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை.

மண்டல மேலாளர் கிளம்பிய பிறகு, சாயங்காலம் போல, போன் மேசையில் இருக்கும் பெண் அவர் அறைக்குள் வந்தாள். கிளை தொடங்கிய நாளிலிருந்து போன் எடுப்பவள் அவள். அவளை விட வயதானவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா கதவைச் சாத்தினாள். சாத்திப் பயனில்லை என்பது நினைவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், அவன் காலையில ஞாபகம் வந்துச்சுன்னு சொன்னது பொய். முந்தின நாள் சாயங்காலமே எனக்கு போன் பண்ணினான். பஸ்ல போகும்போது சட்டைப் பையைத் தடவிப் பார்த்திருக்கான், வயரைக் காணோம். திரும்பிப் போனா கட்டடத்து செக்ரட்டரி இந்த நேரத்துல மோட்டார் ரூம் சாவி தர மாட்டேங்கறார், மேலாளர் பேசினாத்தான் தருவேங்கறார். சார்கிட்ட சொல்லி ஒரு போன் போடச் சொல்லுங்கக்கா, லிப்டை நிறுத்திவெச்சாப் போதும்னான்."

மேலாளருக்கு விபத்துக்கு முந்தின சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அக்கா ஒருமுறை கண்ணாடிவரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் கவனித்திருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நான்தான் அவனை வேணாம்னேன் சார். காலையில முதல் வேலையா போய் எடுத்துடு, இப்ப சொன்னா மீசைக்காரருக்கு நடந்ததுதான் உனக்கும்னேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு அவன் அப்படிச் சொல்லிட்டான். எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல."

"ஒரு மனுஷி உயிர் போற விஷயம். அதைக்கூடவா சொல்லக் கூடாது?"

அக்கா சற்றுத் தயங்கினாள். "அன்னிக்கு நாலு விசில் சார்."

"என்ன விசில்?"

அவள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குக்கர் என்பதுதான் அவருடைய பட்டப்பெயர். மெக்கானிக்குகள் காலையில் போன் செய்து முதலில் கேட்பது 'எத்தனை விசில்' என்பதைத்தான். ஒரு விசில் என்றால் தாராளமாகப் பேசலாம். இரண்டு என்றால் அவசரமானால் மட்டும். மூன்று என்றால் படியேறக் கூடாது. நாலு விசில் என்று அவள் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அந்த நேரத்தில் அக்காவின் கையில் இருந்த செல்போன் அடித்தது. அவள் பதறிப்போய் அதை அணைக்கப் பார்த்தாள். திரையில் தெரிந்த எண் அவருக்கு மனப்பாடம். அவருடைய மனைவியின் எண்.

"அவ எதுக்கு உங்களைக் கூப்பிடறா?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "தினம் கூப்பிடுவாங்க சார். நீங்க கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னால."

"எதுக்குன்னு கேட்டேன்."

"எத்தனை விசில்னு கேக்க."

போன் அடித்து ஓய்ந்தது. அக்கா வெளியே போய்விட்டாள். மேலாளர் கண்ணாடி வழியே பார்த்தார். வெளியே இருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது மனைவி சமையலறையில் இருந்தாள். மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்து இன்னும் உடுப்பு மாற்றியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படிக்கும் மகள் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"எத்தனை விசில்னு சொன்னாங்க இன்னிக்கு?"

மனைவி அடுப்பை அணைத்தாள். கூடத்துக்கு வந்தாள். பயப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் முகத்தில் ஒருவித அலுப்புதான் தெரிந்தது.

"அவங்க எடுக்கலை. தெரிஞ்சுபோச்சுன்னு அப்பவே நினைச்சேன்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நாளா? வருஷக்கணக்கா நடக்குது. காலையில அவங்க எனக்குப் பண்ணுவாங்க, கிளம்பும்போது எப்படி இருந்தார்னு கேக்க. சாயங்காலம் நான் அவங்களுக்கு. ஒண்ணுன்னா குழாய் ஒழுகறதைப் பத்தி உங்ககிட்டப் பேசலாம். ரெண்டுன்னா டிவி போட மாட்டோம். மூணுன்னா இவளை லைப்ரரிக்கு அனுப்பிடுவேன், நீங்க சாப்பிட்டதும் வரச் சொல்லி."

மகள் புத்தகங்களோடு சாயங்காலங்களில் காணாமல் போவதைப் பார்த்து, பெண் எவ்வளவு பொறுப்பாகப் படிக்கிறாள் என்று அவர் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"நான் என்ன, குடிச்சிட்டு வர்றேனா? உங்களைக் கைநீட்டி அடிச்சிருக்கேனா?"

"இல்ல. அதனாலதான் யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் முடியல. உனக்கென்ன குறைம்பாங்க."

"ஊர் பூரா என்னைப் பத்திப் பேசிச் சிரிச்சிட்டு, வீட்ல வந்து..." அவர் குரல் ஏறியது. அது ஏறுவது அவருக்கே கேட்டது, ஆனால் நிறுத்த முடியவில்லை. "நான் அங்க நாய் மாதிரி உழைச்சிட்டு வர்றேன், நீங்க ரெண்டு பேரும்..."

மகள் எழுந்தாள். தெருப் பக்கம் இருந்த ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியைப் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

"ஏம்மா சாத்தினே?"

"எப்பவும் சாத்தறதுதானேப்பா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணி எடுக்கிறவள்போலச் சொன்னாள்.

அவருக்குக் காதுமடல் எரிந்தது. செருப்போடு நடுக்கூடத்தில் நிற்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. போய்க் கழற்றிவிட்டு வந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் அவளே பேசினாள்.

"வேலைன்னா எனக்கு உசுருன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்களே. எந்த வேலை?"

"எந்த வேலைன்னா?"

"லிப்டா, அந்த நாற்காலியா? லிப்டுதான் பிடிக்கும்னா அது உங்க கையைவிட்டுப் போய் எத்தனையோ காலமாச்சு. நாற்காலிதான் பிடிக்கும்னா, பிடிச்ச இடத்துக்குப் போற மூஞ்சி அது இல்ல. தினம் காலையில நான் பார்க்கறேனே."

அவர் காலி டம்ளரைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தார்.

அடுத்த நாளே அவர் மண்டல மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. தன்னைத் திருத்திக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். அலுவலகத்தில் மெதுவாகப் பேசினார். "பரவாயில்லப்பா, பார்த்துக்கலாம்" என்றார். அதைக் கேட்டு மெக்கானிக்குகள் முன்னைவிட அதிகமாக நடுங்கினார்கள். "உள்ள பிரஷர் ஏறுது, விசிலே வரலை. இதுதான்டா பயம்" என்று படிக்கட்டில் யாரோ கிசுகிசுத்தது அவர் காதிலேயே விழுந்தது. நெட்டையின் கருவிப் பை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தாண்டாமல் தன் அறைக்குள் போக முடியாது. ஒவ்வொரு நாளும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தாண்டினார்.

கடைசியில் ஒரு விடுமுறை நாளில் நெட்டையின் வீட்டைத் தேடிப் போனார். பழைய குடியிருப்பில் பின்பக்க வீடு. நெட்டை பனியனோடு நாற்காலி ஒன்றுக்குக் கால் ஒட்டிக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் விருட்டென்று எழுந்தவன் சட்டையைத் தேடினான். உள்ளே பார்த்து மனைவியிடம் குரல் கொடுத்தான். "சார் வந்திருக்கார்."

"உட்காருடா" என்றார் மேலாளர்.

அவன் உட்காரவில்லை. "ஒரேயடியா நிறுத்திட்டாங்களா சார்? அதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, தான் இந்த வீட்டுக்கு வர அவனுக்குத் தெரிந்து வேறு காரணமே இருக்க முடியாது என்று. மேலாளர் ஆன பிறகு இந்த வாசற்படியை அவர் மிதித்ததில்லை.

"அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீ சாயங்காலமே போன் பண்ணினதையும்."

நெட்டை பதறினான். "அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். தப்பு என்னோடதுதான். வயரை விட்டது நான்தானே."

"விட்டது நீ. எடுக்க விடாம பண்ணினது நான்."

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"எனக்கு ஒண்ணு சொல்லு. நாம ரெண்டு பேரும் ஜோடியா இருந்தப்போ நான் வயரை மறந்திருந்தா, நீ என்ன பண்ணியிருப்பே?"

நெட்டை யோசித்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் பழைய சாயல் தெரிந்தது. "தலையில ஒரு தட்டு தட்டியிருப்பேன். ரெண்டு பேரும் திரும்பிப் போய் எடுத்திருப்போம்." பிறகு சாயல் மறைந்துவிட்டது. "அதெல்லாம் அப்போ சார்."

நெட்டையின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். மரியாதையாகத்தான் வைத்தாள். ஆனால் ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டீயைக் குடித்து முடிப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

மறுநாள் அவர் மண்டல அலுவலகத்துக்குப் போனார். நடந்ததை எல்லாம் சொன்னார். தகவல் சாயங்காலமே அலுவலகத்துக்கு வந்தது, தன் காதுக்கு வராமல் நின்றதற்குத் தன் வாய்தான் காரணம் என்றார். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் சொன்னார். மண்டல மேலாளர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கத்துற ஆளுன்னு எனக்குத் தெரியாதாப்பா? கத்துற ஆள் இருந்தா வேலை நடக்கும்னு நானும்தான் நினைச்சேன். உன் கிளையில ஆளுங்க தப்புன்னு ஒண்ணுமே மேல வர்றதில்லன்னு மீட்டிங்ல உன்னைத்தான் உதாரணம் காட்டுவேன்."

"தப்பு இல்லாம இல்ல சார். எங்கிட்டயே வரலை."

மண்டல மேலாளர் மூடிவைத்த பேனாவை மறுபடி திறந்தார். "இப்ப என்ன பண்ணணுங்கறே?"

"நெட்டையைத் திரும்ப எடுங்க. என்னை அந்த நாற்காலியிலேர்ந்து எடுங்க. லிப்டுகளைச் சோதிச்சுப் பார்க்கற வேலை ஏதாவது கொடுங்க. எனக்குக் கீழ யாரும் வேணாம்."

"மேலாளரா இருந்தவன் அதே கிளையில பையைத் தூக்கிட்டுப் போவியா? வெக்கமா இருக்காது?"

"இருக்கும் சார்."

ஓர் எச்சரிக்கைக் கடிதம் அவருக்கு வந்தது, நெட்டைக்கும் வந்தது. நெட்டையை வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். இவரைப் பாதுகாப்புச் சோதனை வேலைக்கு மாற்றினார்கள். அந்த வாரமே அவர் கால் முறிந்த பெண்ணின் வீட்டைத் தேடிப் போனார். அந்தக் கட்டடத்தில் லிப்ட் இல்லை. ஊன்றுகோலோடு அந்தப் பெண் எப்படி ஏறி இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டே படியேறினார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபோது தம்பி வீட்டில் இல்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. தன் கோழைத்தனத்தை அவர் அப்போதும் கண்டுகொண்டார்.

அந்தப் பெண் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "எங்க டாக்டரும் கத்துவார். ஒருதடவை ஊசி மாறிப்போனதை நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல. நல்லவேளை, ஒண்ணும் ஆகலை" என்றார். பிறகு, "வீட்லயும் கத்துவீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ம்" என்றார் அவர். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பவும் அவரால் முடியாது. இவரே கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினார்.

கண்ணாடி அறைக்கு வேறொரு கிளையிலிருந்து ஒரு பெண் மேலாளர் வந்தார். அதே நாற்காலி, அதே போன், அதே மண்டல மேலாளர். முதல் வாரத்திலேயே ஒரு பள்ளிக்கூட லிப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர் மெக்கானிக்கிடம் ஒரே ஒருமுறை பேசினார். "போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்க" என்றார். போனை வைத்துவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு பேச அக்காவைப் பழக்கினார். வெளியே ஓரமாகக் கிடந்த சின்ன மேசையிலிருந்து இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் முழுக்க இவர் கால்தான் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். "உங்களுக்கு டென்ஷனே ஆகாதா மேடம்?"

"ஆகாம? தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பேனாம். எங்க வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவார்." அவர் சிரித்தார். "வீட்டுக்குப் போய்த்தான் கடிப்பேன். இங்க கடிச்சா உங்களுக்கெல்லாம் கேக்குமே."

"இந்த வேலை பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"சில நாள் பிடிக்கும். சில நாள் பிடிக்காது. பிடிக்காத நாள்ல சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவேன்."

இவ்வளவு சாதாரணமாக ஒரு பதில் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சீக்கிரம் கிளம்பிப் போவது ஒரு குற்றம் என்றே அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

வயிற்றெரிச்சல் குறைந்தது. கையில் மறுபடி கிரீஸ் வாசனை வந்தது. மனைவி குழாய் ஒழுகுவதைப் பற்றி ஒருநாள் அவளாகவே பேச்செடுத்தாள். அவரே உட்கார்ந்து சரிசெய்தார். மகள் சாயங்காலங்களில் இன்னும் லைப்ரரிக்குப் போகிறாள். படிக்கப் போகிறாளா, பழக்கத்தில் போகிறாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

சோதனை வேலைக்காக அவரும் நெட்டையும் ஒரு புதுக் கட்டடத்துக்குச் சேர்ந்து போக வேண்டி வந்தது. அந்த ஜோடியைப் பிரித்த பிறகு அதுதான் முதல் தடவை. கீழ்த்தளத்தில் லிப்டுக் குழியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். பேச்சு அதிகமில்லை. "அந்த போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கு." "சரி சார்." "சார் வேணாம்டா." "வாயில வர மாட்டேங்குது சார்." இருவரும் லேசாகச் சிரித்துக்கொண்டார்கள். வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நெட்டையின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. இரும்பில் மோதி மோதிக் குழிக்குள் விழுந்தது. பெரிய சத்தம்.

அவன் ஸ்பேனர் போன திசையைப் பார்க்கவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு உயரமான மனிதன், ஒரு நொடி, அடிக்குக் காத்திருப்பவன்போல நின்றான்.

"சாரி சார்" என்றான்.

அவர் திரும்பி, குழிக்குள் இறங்கும் இரும்பு ஏணியில் கால் வைத்தார். "நான் எடுக்கறேன் சார், விடுங்க" என்று மேலே இருந்து அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் இறங்கினார். ஸ்பேனர் மூலையில் தூசியில் கிடந்தது. எடுத்துத் துணியால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். நெட்டையின் தலை மேலே வாசலில் குனிந்து தெரிந்தது.

"கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுதுடா" என்றார். "கொஞ்சம் இரு. வர்றேன்."